துப்பறியும் நாவலும் துப்பாக்கியில்லாக் கொலையும்

துப்பறியும் நாவலைப் பற்றி ஒரு தலையங்கமா என்று நமது வாசகர்களில் சிலர் ஆச்சரியப்படக்கூடும். பொழுதுபோக்குக்காகப் படித்து, இரவல் கொடுத்து, மறந்துவிட வேண்டிய புஸ்தகத்துக்கு இந்தப் பக்கத்தில் என்ன வேலை என்றும் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆனால் சில சமயங்களில் பெரிய பெரிய பண்டிதர்கள் எழுதும் கனத்த புஸ்தகங்களைவிட இம்மாதிரி நாவல்கள் ஒரு தேசத்தின் புண் எங்கே இருக்கிறதென்பதைச் சுலபமாய்க் காட்டிவிடுகின்றன. புண்ணைக் காட்டுமே ஒழிய, அது உண்டான விதத்தை முழுவதும் காட்டாமலும் விட்டுவிடுகின்றன. இந்த இரண்டு சங்கதிகளையும் பற்றித்தான் இன்று எழுதப் புகுந்தோம்.

அமெரிக்காவில் மைக்கேல் கானலி என்று ஓர் ஆசிரியர் இருக்கிறார். முன்பு பத்திரிகை நிருபராயிருந்து போலீசு சங்கதிகளை எழுதிவந்தவர். இவர் 2017-ம் வருஷத்தில் "டூ கைண்ட்ஸ் ஆஃப் ட்ரூத்", அதாவது "இருவகை உண்மை" என்ற பெயரால் ஒரு நாவல் வெளியிட்டார். அதில் வரும் துப்பறிபவன் பெயர் ஹாரி பாஷ். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் போலீசில் நெடுங்காலம் வேலை பார்த்து வெளியேறிய பிறகு, பக்கத்திலுள்ள சான் பெர்னாண்டோ என்ற சிறிய ஊரின் போலீசில் சம்பளமில்லாமல் பழைய வழக்குக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருக்கும் வயதானவன். அந்த ஊரில் ஒரு மருந்துக் கடையில் தகப்பனும் மகனும் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். பணத்துக்காகச் செய்த கொலையா என்று பார்த்தால் அப்படியில்லை. மகன் மருந்துப் படிப்பில் தேறிப் புதிதாய்த் தொழிலுக்கு வந்தவன். தங்கள் கடைக்கு வரும் டாக்டர் சீட்டுகளில் மோசடி இருப்பதைக் கண்டுபிடித்து, டாக்டர்களைக் கண்காணிக்கும் இலாக்காவுக்குப் புகார் எழுதிவிடுகிறான். தகப்பனோ அந்த வியாபாரத்துக்கு உடந்தையாயிருந்தவன். யோக்கியனாயிருந்த மகனும் போனான். உடந்தையாயிருந்த தகப்பனும் போனான்.

இந்தக் கொலையைத் துலக்குவதற்காக ஹாரி பாஷ் மாத்திரை அடிமையைப்போல் வேஷம் போட்டுக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் நுழைகிறான். அங்கே அவன் காண்பது என்ன? வியாதியே இல்லாதவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்க ஒரு டாக்டர். அந்தச் சீட்டைக் கடை கடையாகக் கொண்டுபோய் மாத்திரை வாங்கிவர ஆட்டுமந்தைபோல் வண்டியில் ஏற்றப்படும் ஒரு ஜனக்கூட்டம். வாங்கிவந்த மாத்திரைகளைப் பிடுங்கிக்கொண்டு, கூலியாக அதே மாத்திரையில் கொஞ்சத்தை வீசியெறியும் எஜமானர்கள். ஓடிப்போகாமல் காக்க விலங்கு வேண்டியதில்லை. மாத்திரையே விலங்கு. அந்தக் கூட்டத்தில் எலிசபெத் என்று ஒரு தாய். பெற்ற மகளைக் கொலைக்குப் பறிகொடுத்த துக்கத்திலிருந்து மாத்திரைக்குள் விழுந்தவள். துப்பறிபவன் அவளை வெளியே கொண்டுவர முயலுவதுதான் கதையில் நம் மனதைத் தொடும் பாகம்.

இவ்வளவும் கதை. ஆனால் கதையில் வரும் மாத்திரை கதையல்ல. அமெரிக்க சர்க்காரின் சுகாதார இலாக்காக் கணக்குப்படி, 1999 முதல் 2023 வரையில் அபினி வர்க்கத்து மருந்துகளை அளவுக்கு மீறி உட்கொண்டு மாண்டவர்கள் 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். யுத்தம் நடந்தா இவ்வளவு பேர் செத்தார்கள்? கொள்ளை நோய் வந்தா செத்தார்கள்? இல்லை. உலகத்தில் மிகப் பணக்காரத் தேசம் என்றும், வைத்திய சாஸ்திரத்தில் தலைசிறந்த தேசம் என்றும் பேர் பெற்ற ஒரு நாட்டில், சர்க்கார் அனுமதி பெற்ற மருந்தை, படித்துப் பட்டம் பெற்ற டாக்டர் சீட்டு எழுதிக் கொடுக்க, லைசென்சு பெற்ற கடையில் வாங்கித் தின்ன ஆரம்பித்ததிலிருந்து விளைந்த சாவு இது. இப்படிப்பட்ட கொலைக்குத் துப்புத் துலக்க வேண்டுமானால் ஒரு ஹாரி பாஷ் போதாது. நாம் ஒவ்வொருவரும் துப்பறிய வேண்டும்.

முதலில் இந்த மருந்தின் தன்மையைச் சுருக்கமாய்த் தெரிந்துகொள்ளுவோம். அபினி என்பது கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பால் என்பது கிராமத்தாருக்கும் தெரியும். அதிலிருந்து எடுப்பது மார்பின். அந்த மார்பினிலிருந்து செய்யப்பட்ட ஹெராயினை ஜெர்மனியின் பேயர் கம்பெனி 1898-ல் இருமலுக்கு மருந்து என்று விற்றது. அபினிச் சத்து ஒன்றிலிருந்தே ஜெர்மனியில் 1916-ல் செய்யப்பட்டது ஆக்சிகோடோன். எல்லாம் ஒரே குடும்பந்தான். வலியை ஆற்றும். கூடவே ஒரு சுகத்தையும் கொடுக்கும். நாளாவட்டத்தில் பழைய அளவு போதாமல் கூடுதல் அளவு கேட்கும். நிறுத்தினாலோ உடம்பு முறுக்கும், வியர்க்கும், வாந்தி பேதியாகும், தூக்கம் போய்விடும். அளவு மீறினால் மூளையானது மூச்சுவிடும்படி உடம்புக்குச் சொல்லுவதை மறந்துவிடும். அவ்வளவுதான், தூங்கினவன் தூங்கினபடியே போய்விடுவான்.

இந்தச் சங்கதி ஆதிமுதல் தெரிந்ததுதான். அப்படியிருக்க, 1996-ம் வருஷத்தில் பர்டியூ பார்மா என்னும் கம்பெனி "ஆக்சிகான்டின்" என்ற பெயரால் அதே ஆக்சிகோடோனை விற்க வந்தபொழுது, இதற்கு அடிமையாகும் பயம் குறைவு என்று சொல்லிற்று. ஏன் குறைவு? மாத்திரை உடனே கரையாதாம். 12 மணி நேரம் கொஞ்சங் கொஞ்சமாகக் கரையுமாம். ஆகையால் போதைக்காக அதை யாரும் நாடமாட்டார்களாம். மாத்திரையைப் பல்லால் கடித்தாலும் கல்லால் நசுக்கினாலும் 12 மணி நேரத்து மருந்தும் ஒரே நிமிஷத்தில் கிடைத்துவிடும் என்பதைப் பிறகு தெருவிலுள்ள சின்னப் பையன்கள்கூடக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1995 டிசம்பரில் சர்க்கார் மருந்து இலாக்கா அங்கீகரித்த குறிப்புச் சீட்டில், மெதுவாகக் கரைவதால் துர்உபயோகம் குறையும் என்று "நம்பப்படுகிறது" என்றே எழுதியிருந்தது. பரீட்சை செய்து பார்த்தோம் என்றில்லை, இத்தனை பேரிடம் கண்டோம் என்றில்லை, "நம்பப்படுகிறது" என்றிருந்தது. யாரால் நம்பப்படுகிறது? எதைக்கொண்டு நம்பப்படுகிறது? கேட்பாரில்லை. அந்த மனுவைப் பரிசீலித்த இலாக்கா உத்தியோகஸ்தரோ, சில காலத்துக்கெல்லாம் அந்தக் கம்பெனியிலேயே உத்தியோகம் பெற்றார். தோழர்களே! "நம்பப்படுகிறது" என்ற ஒரு வார்த்தை மனிதனை எவ்வளவு தூரம் கொண்டுபோய்த் தள்ளும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? கோயில் வாசலில் அந்த வார்த்தையைக் கேட்டால் எச்சரிக்கையாயிருக்கிற நாம், ஆஸ்பத்திரி வாசலில் கேட்டால் மாத்திரம் கையைக் கட்டிக்கொள்வது என்ன நியாயம்?

இது ஒருபுறமிருக்க, டாக்டர்கள் எப்படி ஏமாந்தார்கள் என்பதைப் பாருங்கள். 1980-ம் வருஷம் ஜனவரியில் நியூ இங்கிலாந்து வைத்தியப் பத்திரிகையில் இரண்டு பேர் ஒரு கடிதம் எழுதினார்கள். மொத்தம் ஐந்தே வாக்கியம். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களில் அபினி வர்க்கத்து மருந்து ஒருமுறையாவது கொடுக்கப்பட்ட 11,882 பேருடைய தஸ்தாவேஜுகளைப் பார்த்ததில், நன்றாய்ப் பதிவான அடிமைத்தனம் நாலு பேரிடந்தான் தெரிந்தது என்பது அதன் சாரம். ஆஸ்பத்திரியில் நர்சு கையால், டாக்டர் கண்ணெதிரே, சில நாள் மருந்து வாங்கிக்கொண்டவர்களைப் பற்றிய பேச்சு அது. வீட்டுக்குப் போய் மாதக் கணக்காய், வருஷக் கணக்காய்த் தின்பவனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஆனால் நடந்தது என்ன? அந்த ஐந்து வாக்கியமே ஸ்மிருதியாகிவிட்டது. ஒருவர் அதை எடுத்துக் காட்டினார். அவர் காட்டியதை மற்றொருவர் எடுத்துக் காட்டினார். மூலத்தைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? 2017-ல் அதே பத்திரிகையில் இதை ஆராய்ந்து எழுதினார்கள். அந்தக் கடிதம் 608 இடங்களில் மேற்கோள் காட்டப்பட்டிருந்ததாம். அவற்றில் 100-க்கு 72 பங்கு, அடிமையாவது அபூர்வம் என்பதற்கு அத்தாட்சியாகவே அதைக் காட்டினவாம். அந்தக் கடிதத்தில் சொல்லப்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நோயாளிகள் என்பதையே 100-க்கு 80 பங்குக்கு மேல் சொல்லாமல் விட்டுவிட்டனவாம். "பெரியவர்கள் சொன்னார்கள்" என்று பாமரன் சொன்னால் அவனை மூடன் என்கிறோம். பட்டம் பெற்றவன், அச்சடித்த காகிதத்தில், அடிக்குறிப்பு போட்டுச் சொன்னால் அதற்கு விஞ்ஞானம் என்று பெயரா?

இதற்கும் மேலான ஒரு பித்தலாட்டம் உண்டு. மருந்துக்கு அடிமையான நோயாளி டாக்டரிடம் வந்து இன்னும் கொடு, இன்னும் கொடு என்று கெஞ்சுகிறான், பொய் சொல்லுகிறான். கண்ணிருப்பவனுக்கு விஷயம் விளங்கிவிடும். ஆனால் இதற்கு "போலி அடிமைத்தனம்" என்று ஒரு பெயர் வைத்தார்கள். அதாவது அவன் உண்மையில் அடிமையாகவில்லை, வலி அடங்கும் அளவுக்கு மருந்து போதவில்லை, ஆகவே இன்னும் கூடுதலாகக் கொடு என்பது அதன் தத்துவம். 1989-ல் ஒரே ஒரு நோயாளியின் சங்கதியை வைத்துக்கொண்டு எழுதப்பட்ட கட்டுரையில் பிறந்த வார்த்தை இது. அதை எழுதிய இருவரில் ஒருவர் பிற்காலத்தில் அதே பர்டியூ கம்பெனியில் உத்தியோகஸ்தரானார். நம்மூர் ஜோசியன், பரிகாரம் பலிக்கவில்லையென்றால் பரிகாரம் பொய் என்று ஒப்புக்கொள்ளுவானா? செய்தது போதாது, இன்னொரு பரிகாரம் செய் என்றுதானே சொல்லுவான்? அந்த யுக்திக்கும் இந்தச் சாஸ்திரத்துக்கும் நாம் ஒரு வித்தியாசமும் காணவில்லை. பொய்யென்று நிரூபிக்கவே முடியாதபடி எதைச் செய்து வைத்தாலும், அதைச் செய்தவன் கையைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

வியாபாரம் நடந்த விதத்தையும் சொல்லிவிடுகிறோம். 1996-க்கும் 2001-க்கும் இடையில் அந்தக் கம்பெனி 40-க்கு மேற்பட்ட மகாநாடுகள் கூட்டி, டாக்டர்கள், மருந்துக் கடைக்காரர்கள், நர்சுகள் ஆக 5,000 பேருக்கு மேற்பட்டவர்களை உல்லாச ஸ்தலங்களுக்கு வரவழைத்து, பிரயாணம், ஹோட்டல், சாப்பாடு எல்லாச் செலவும் தானே ஏற்றது. டாக்டர்களுக்குத் தொப்பி, பொம்மை, பாட்டுத் தட்டுகள் இனாமாய்க் கொடுத்தது. நோயாளிகளுக்கோ, முதல் தடவை மருந்து இனாமாய் வாங்கிக்கொள்ளச் சீட்டு அச்சடித்துக் கொடுத்தது. தெருவில் கஞ்சா விற்பவன் முதல் பொட்டலத்தைச் சும்மா கொடுப்பதற்குப் பெயர் என்ன என்று வாசகர்களே சொல்லட்டும். கம்பெனி ஏஜண்டுகள் 2001-ல் சம்பளத்துக்கு மேல் சராசரி 71,500 டாலர் இனாம் பெற்றார்கள். 1996-ல் 4 கோடியே 80 லட்சம் டாலருக்கு விற்ற மாத்திரை 2000-ம் வருஷத்தில் சுமார் 110 கோடி டாலருக்கு விற்றது. வலி நான்கு வருஷத்தில் இருபது மடங்கு பெருகிவிட்டதா? வலி பெருகவில்லை. வலியை விற்பவன் பெருகினான்.

முதலில் விழுந்தவர்கள் யார்? நிலக்கரிச் சுரங்கத்தில் முதுகு ஒடிந்தவர்கள், மரம் வெட்டிக் கை கால் போனவர்கள், ஆலை மூடி வேலை போனவர்கள். உடம்பை விற்றுப் பிழைப்பவனுக்குத்தான் உடம்பு வலி அதிகம். எந்த ஊர்களில் டாக்டர்கள் ஏற்கனவே வலி மாத்திரை அதிகம் எழுதுகிறார்கள் என்று கணக்கெடுத்து, அங்கே ஏஜண்டுகளை அனுப்பினார்கள். வர்ஜீனியா மாகாணத்து மலைப் பிரதேசத்தில் செயிண்ட் சார்லஸ் என்ற சுரங்கச் சிற்றூரில் வைத்தியம் செய்துவந்த ஆர்ட் வான் ஜீ என்னும் டாக்டர், தமது நோயாளிகள் ஒருவர்பின் ஒருவராக விழுவதைக் கண்டு, அந்த மருந்தை வாபசு வாங்கும்படி மகஜர் தயாரித்துக் கூக்குரலிட்டார். தலைநகரத்து நிபுணர்களுக்குத் தெரியாதது ஒரு கிராமத்து டாக்டருக்கு எப்படித் தெரிந்தது? அவர் கடிதத்தைப் பார்க்கவில்லை, மனிதனைப் பார்த்தார்.

மேற்கு வர்ஜீனியாவில் கெர்மிட் என்று ஓர் ஊர். ஜனத்தொகை சுமார் 400. அந்த ஊரில் ஒரே ஒரு மருந்துக் கடைக்கு இரண்டு வருஷத்தில் 90 லட்சம் வலி மாத்திரைகள் வந்து இறங்கின. மாகாணம் முழுவதற்கும் 2007 முதல் 2012 வரை ஆறு வருஷத்தில் வந்தவை 78 கோடி மாத்திரைகள். பச்சைக் குழந்தையையும் சேர்த்து ஆளுக்கு 433 என்று கணக்காகிறது. அதே ஆறு வருஷத்தில் அந்த இரண்டு வகை மாத்திரைகளால் மாண்டவர்கள் 1,728 பேர். இந்தக் கணக்கை வெளியே கொண்டுவந்தவர் எரிக் அயர் என்னும் பத்திரிகை நிருபர். கம்பெனிகள் கோர்ட்டில் மறைக்கப் பார்த்த தஸ்தாவேஜுகளைப் போராடிப் பெற்று, சார்ல்ஸ்டன் நகரத்து ஒரு சிறிய பத்திரிகையில் எழுதி, 2017-ல் புலிட்சர் பரிசு பெற்றார். நாவலில் வரும் துப்பறிபவனுக்குத் துப்பாக்கி இருந்தது. இவருக்கு இருந்தது கூட்டல் கணக்கு மாத்திரமே. 400 பேருக்கு 90 லட்சம் எதற்கு என்ற ஒரு கேள்வியைக் கேட்க என்ன படிப்பு வேண்டும்? லாரியில் ஏற்றினவன், இறக்கினவன், கணக்கு எழுதினவன், கையெழுத்துப் போட்டவன், எல்லோருமே அந்த எண்ணைப் பார்த்தார்கள். ஒருவனும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதற்குத்தான் சம்பளம்.

அப்படியானால் சர்க்காரில் துப்பறிபவர்களே இல்லையா என்று கேட்கலாம். இருந்தார்கள். போதை மருந்துத் தடுப்பு இலாக்காவில் ஜோ ரனாசிசி என்ற அதிகாரி, இப்படி அளவு கடந்து மாத்திரை அனுப்பிய பெரிய மொத்த வியாபாரக் கம்பெனிகள்மேல் கை வைத்தார். கம்பெனிகள் அமெரிக்கச் சட்டசபையை நாடின. அவர் 2015-ல் வேலையிலிருந்து விலகினார். 2016-ல் ஒரு சட்டம் நிறைவேறிற்று. சந்தேகத்துக்கிடமான சரக்கை உடனே நிறுத்திவைக்க இலாக்காவுக்கிருந்த அதிகாரத்தை அது முடமாக்கிவிட்டது என்று 2017-ல் அவரே பத்திரிகைகளில் பகிரங்கமாய்ச் சொன்னார். அந்தச் சட்டத்துக்கு நோயாளிகளுக்கு மருந்து தடையின்றிக் கிடைக்கச் செய்வது என்று அழகான பெயர். எதிர்த்து ஓர் ஓட்டுக்கூட விழவில்லை. நாவலில் துப்பறிபவனைத் தடுக்க ரவுடி வருகிறான். உண்மையில் வந்தது சட்டம்.

குற்றத்தை யார் தலையில் போட்டார்கள் தெரியுமா? தின்றவன் தலையில். அவன் ஒழுக்கங் கெட்டவன், மனவுறுதி இல்லாதவன், குற்றவாளி அவனே, அவனை எல்லா வழியிலும் அடியுங்கள் என்ற கருத்தில் கம்பெனிச் சொந்தக்காரக் குடும்பத்தாரில் ஒருவரான ரிச்சர்ட் சாக்லர் 2001-ல் எழுதியது பிறகு கோர்ட்டில் வெளிவந்தது. ஏழை விழுந்தால் அவன் தலையெழுத்து, அவன் செய்த பாபம் என்று சொல்லும் வித்தை நமக்குப் புதிதல்ல. அதற்குச் சமுத்திரம் தாண்டியும் கிளை இருக்கிறது என்பதுதான் தெரிந்துகொள்ள வேண்டியது.

2010-ல் கம்பெனி தன் மாத்திரையை நசுக்க முடியாதபடி மாற்றிச் செய்தது. அதற்குள் அடிமையாகிவிட்ட ஜனங்கள் என்ன செய்வார்கள்? மாத்திரை கிடைக்காமல் ஹெராயினுக்குப் போனார்கள். 2013 முதல் கள்ளச் சந்தையில் பென்டனில் என்னும் செயற்கை மருந்து புகுந்தது. மார்பினைவிட 50 முதல் 100 மடங்கு வேகமுள்ளது. 2021, 2022, 2023 ஆகிய மூன்று வருஷங்களிலும், எல்லாப் போதை மருந்துகளாலும் அளவு மீறி மாண்டவர்கள் வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல். 2024-ல் சுமார் 80,000-ஆகக் குறைந்தது. குறைந்ததே என்று சந்தோஷப்படும் எண்ணா இது?

தண்டனையைப் பார்ப்போம். 2007-ல் பர்டியூவைச் சேர்ந்த கம்பெனி, அடிமையாக்கும் தன்மையைப் பற்றிப் பொய் சொல்லி விற்றதாகக் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சுமார் 60 கோடி டாலர் கட்டிற்று. மூன்று அதிகாரிகள் சிறிய குற்றத்தை ஒப்புக்கொண்டு 3 கோடியே 45 லட்சம் டாலர் கட்டினார்கள். ஒருவரும் ஜெயிலுக்குப் போகவில்லை. வியாபாரம் நிற்கவுமில்லை. 2020-ல் பர்டியூ மறுபடியும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. இதற்குள் சாக்லர் குடும்பம் கம்பெனியிலிருந்து 1,000 கோடி டாலருக்கு மேல் எடுத்துவிட்டிருந்தது. அதில் ஒரு பாகம் வரிக்குப் போயிற்று. 2019-ல் கம்பெனி திவால் மனுக் கொடுத்தது. திவால் கம்பெனிக்கு, சொந்தக்காரர்களுக்கல்ல. குடும்பத்தார்மேல் இனி யாரும் வழக்குப் போடக்கூடாது என்ற பாதுகாப்புடன் செய்யப்பட்ட ஏற்பாட்டை 2024 ஜூனில் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு 5-க்கு 4 என்ற கணக்கில் தள்ளிற்று. பிறகு 740 கோடி டாலர் வரையிலான புதிய ஏற்பாட்டைத் திவால் கோர்ட்டு 2025-ல் ஒப்புக்கொண்டது. குடும்பத்தார் தாங்கள் தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவுமில்லை. அவர்களில் ஒருவர்மீதும் கிரிமினல் வழக்கும் வரவில்லை. நான்கு மாத்திரை கைமாற்றின கறுப்புப் பையன்கள் வருஷக்கணக்காய் ஜெயிலிலிருந்த தேசம் அது என்பதையும் மறக்க வேண்டாம்.

நியாயமாய்ச் சொல்லவேண்டுமானால், முதலாளிகளில் ஜெயிலுக்குப் போனவரும் ஒருவர் உண்டு. இன்சிஸ் என்ற கம்பெனியை ஸ்தாபித்த ஜான் கபூர், பென்டனில் மருந்தை எழுதும்படி டாக்டர்களுக்குப் பிரசங்கக் கூலி என்ற பெயரால் லஞ்சம் கொடுத்த சதிக்காக 2019-ல் குற்றவாளியென்று தீர்க்கப்பட்டு, 2020-ல் ஐந்தரை வருஷத் தண்டனை பெற்றார். அவர் அமிர்தசரசில் பிறந்தவர். அமெரிக்காவில் நம்மவர் பணக்காரரானால் நாம் தேசபக்தியோடு பெருமை பேசுவதுண்டு. இதற்கும் பெருமைப்படுவோமா?

தர்மப் பிரபுக்கள் என்ற வேஷத்தையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அந்தக் குடும்பத்தின் பெயர் காட்சிச் சாலைகளிலும் சர்வகலாசாலைகளிலும் கல்லில் பொறிக்கப்பட்டிருந்தது. நியூயார்க் மெட்ரோபாலிடன் காட்சிச் சாலையில், எகிப்திலிருந்து கொண்டுவந்து வைத்த பழைய கோயிலுள்ள மண்டபத்துக்கே அவர்கள் பெயர். தாமே அந்த மாத்திரைக்கு அடிமையாகி மீண்டவரான நான் கோல்டின் என்ற புகைப்படக்காரப் பெண்மணி, 2018-ல் தோழர்களோடு அங்கே சென்று, கோயிலைச் சுற்றியுள்ள தண்ணீரில் மாத்திரைப் புட்டிகளை எறிந்து கூக்குரலிட்டார். 2019-ல் பாரிஸ் லூவர் அந்தப் பெயரை எடுத்தது. 2021 டிசம்பரில் மெட்ரோபாலிடனும் எடுத்தது. கொடுத்த கையைப் பார்த்துக் கும்பிடுமுன், அந்தக் கை எதைத் தொட்டு வந்தது என்று கேட்கும் தைரியம் ஒரு நோயாளிப் பெண்ணுக்கு வந்தது. காட்சிச் சாலை நிர்வாகிகளுக்கு வர மூன்று வருஷம் பிடித்தது.

இப்பொழுது நாவலுக்கு வருவோம். கானலியின் புஸ்தகம் நல்ல புஸ்தகமே. மாத்திரை அடிமையை மிருகமாய்க் காட்டாமல் மனுஷியாய்க் காட்டியதற்கே அவரைப் பாராட்டலாம். மாறாத உண்மை ஒன்று, பேசுகிறவன் சௌகரியத்துக்குத் தக்கபடி வளைகிற உண்மை மற்றொன்று என்று அவர் பிரித்ததும் நன்று. ஆனால் கடைசிப் பக்கத்தில் கெட்டவர்கள் பிடிபடுகிறார்கள் அல்லது சாகிறார்கள். வாசகன் "ஒழிந்தான்கள்" என்று நிம்மதியாய் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குகிறான். அங்கேதான் ஆபத்து. ரவுடி ஒழிந்தால் குற்றம் ஒழியாது. ரவுடியின் கைக்கு மாத்திரை வந்த வழி ஒன்று இருக்கிறது. அந்த வழியில் சட்டை மடிப்புக் கலையாத கனவான்கள் நிற்கிறார்கள். அவர்கள் ஆயுதம் ஒரு குறிப்புச் சீட்டு, ஒரு கடிதம், ஒரு புதுப் பெயர், ஒரு சட்டம். இந்த ஆயுதங்களை எந்தத் துப்பறிபவனும் விரல் ரேகை எடுத்துக் கண்டுபிடிக்க முடியாது. காரணகாரியம் கேட்கும் புத்தி ஒன்றே கண்டுபிடிக்கும்.

இதைப் படித்துவிட்டு, அபினி வர்க்கத்து மருந்தே கூடாது, வலியைப் பொறுப்பதே புண்ணியம் என்று யாராவது புறப்பட்டால் அவர்களுக்கும் ஒன்று சொல்லுகிறோம். அது மற்றொரு மூடத்தனம். நமது இந்தியாவில் 1985-ல் போதை மருந்துச் சட்டம் கொண்டுவந்தார்கள். லைசென்சுக்கு மேல் லைசென்சு வேண்டியிருந்ததாலும், தண்டனைப் பயத்தாலும் ஆஸ்பத்திரிகள் மார்பின் வைத்திருப்பதையே விட்டுவிட்டன. உலகத்துக்கு மருந்துக்கென்று சட்டப்படி அபினி விளைவித்துக் கொடுக்கும் தேசத்தில், புற்றுநோய்க்காரர்கள் மார்பின் இல்லாமல் அலறிச் செத்தார்கள். கேரளத்து டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருஷக்கணக்காய்ப் பாடுபட்ட பிறகே 2014-ல் சட்டம் தளர்த்தப்பட்டது. ஓரிடத்தில் லாபத்துக்காகக் கேள்வி கேட்காமல் கொடுத்தார்கள். மற்றோரிடத்தில் பயத்துக்காகக் கேள்வி கேட்காமல் மறுத்தார்கள். இரண்டு இடத்திலும் நோயாளியை யாரும் பார்க்கவில்லை.

அமெரிக்காக்காரன் கெட்டவன், நாம் நல்லவர்கள் என்று நினைக்கவும் இடமில்லை. மும்பாயைச் சேர்ந்த ஒரு கம்பெனி, டபென்டடால் என்ற அபினி வர்க்கத்து மருந்தை வேறொன்றோடு கலந்து மாத்திரையாக்கி, கானா, நைஜீரியா முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாட்டு ஏழைகளுக்கு அனுப்பிவந்ததை 2025 பிப்ரவரியில் பி.பி.சி. வெளிப்படுத்திற்று. அதன்பின்தான் நமது சர்க்கார் அந்தக் கலப்புக்குத் தடை போட்டது. ஒரு காலத்தில் பீகாரில் விளைந்த அபினியைக் கல்கத்தாவில் ஏலம் போட்டுச் சீனாவில் இறக்கிப் பணம் சேர்த்தான் வெள்ளைக்காரன். சீனர் தடுத்ததற்கு 1839-ல் யுத்தமும் தொடுத்தான். வெள்ளைக்காரன் செய்தால் அக்கிரமம், நம்மவன் செய்தால் ஏற்றுமதி வியாபாரம் என்று இரண்டு தராசு வைத்துக்கொள்ள நாம் தயாரில்லை.

ஆகவே, தோழர்களே! செய்ய வேண்டியது என்ன? அடிமையானவனைப் பாபி என்று விரட்டாதீர்கள். அது மூளையையும் உடம்பையும் பற்றிய வியாதி. மெதடோன், புப்ரெனார்பின் என்ற மருந்துகளைக்கொண்டு வைத்தியம் செய்தால் பலர் பிழைக்கிறார்கள். அளவு மீறி மூச்சு நின்றவனையும், நாலக்சோன் என்ற மருந்தைக் காலத்தில் கொடுத்தால் எழுப்பிவிடலாம். 2023 முதல் அமெரிக்காவில் டாக்டர் சீட்டு இல்லாமலே அதைக் கடையில் வாங்கலாம். இது மந்திரத்தால் வந்ததல்ல, பரீட்சை செய்து பார்த்த விஞ்ஞானத்தால் வந்தது. மனிதனைக் கொன்றது விஞ்ஞானம் அல்ல. விஞ்ஞானத்தின் சட்டையைப் போட்டுக்கொண்ட வியாபாரம்.

டாக்டரிடம் போனால் பயந்து ஒதுங்கவும் வேண்டாம், கும்பிட்டு விழவும் வேண்டாம். இது என்ன மருந்து, எத்தனை நாளைக்கு, நிறுத்துவது எப்படி, இதனால் அடிமையாவதுண்டா என்று கேளுங்கள். நல்ல டாக்டர் பதில் சொல்லுவார். கோபித்துக்கொள்ளுகிறவரை மாற்றிக்கொள்ளுங்கள். "நம்பப்படுகிறது" என்று எவன் சொன்னாலும், பூசாரியானாலும் சரி, புரொபஸரானாலும் சரி, சர்க்கார் முத்திரையானாலும் சரி, "யாரால்? எதனால்? அதனால் யாருக்கு லாபம்?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். 1995-ல் அந்த இலாக்கா மேஜைமேல் இந்த மூன்று கேள்விகளை யாராவது கேட்டிருந்தால், 8 லட்சம் பேரில் எத்தனை பேர் இன்று வீட்டில் உயிரோடு உட்கார்ந்திருப்பார்கள் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளுவார்களாக.